பேச்சுப் பலகைக்கு நாலு கதவு

மார்ச் 4

தம்பி,

போனில் பேசினால் மூன்றாவது வாக்கியத்தில் கத்த ஆரம்பித்துவிடுகிறோம். நீ ஸ்பீக்கரில் வேறு போட்டுத் தொலைக்கிறாய். அம்மா கேட்கிறாள், அழுகிறாள். அதனால் இனி எழுதுகிறேன். எழுத்தில் கத்தினால் உன் ஒருத்தன் காதுக்கு மட்டும்தான் கேடு.

நான் அங்கே வந்திருந்தபோது, "அம்மா, என்னோட வந்துடறியா?" என்று கேட்டேன். தலையாட்டினாள். நம்பி இங்கே கட்டில் வாங்கிப் போட்டேன், ஜன்னலுக்குத் திரை தைக்கக் கொடுத்தேன். நான் ரயிலேறியதும் நீ போய், "இங்கேயே இருக்கியாம்மா?" என்று கேட்டாயாம். அதற்கும் தலையாட்டினாளாம். உடனே எனக்குப் போன் போட்டு வெற்றி முழக்கம். அட பெரிய மனுஷா, வாதம் வந்து பேச்சுப் போனதிலிருந்து அவள் எதற்குத்தான் தலையாட்டவில்லை? மாடியிலிருந்து குதிக்கிறாயா என்று கேட்டுப் பார், அதற்கும் ஆட்டுவாள்.

இங்கே பேச்சுப் பயிற்சி நிலையத்தில் அம்மாவுக்காக ஏப்ரல் கடைசி வரை ஓர் இடம் வைத்திருக்கிறார்கள். அதற்குள் அவள் எங்கே இருக்க ஆசைப்படுகிறாள் என்பதை அவளே சொல்ல வேண்டும். நீயும் சொல்லக் கூடாது, நானும் சொல்லக் கூடாது.

ஒரு டேப்லெட் அனுப்பியிருக்கிறேன். பட்டனைத் தொட்டால் அது அந்தச் சொல்லைப் பேச வேண்டும். நாம் ஆபீஸில் ஆப்களுக்குச் செய்கிற அதே வேலைதான். எது எந்தப் பெயருக்குக் கீழே இருக்க வேண்டும் என்பது என் பாடு, விரல் பட்டதும் அது எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பது உன் பாடு. முன்பின் தெரியாத ஜனங்களுக்கெல்லாம் செய்து கொடுத்தோம், பெற்றவளுக்கு ஒன்று செய்ய மாட்டோமா?

சொற்களைப் பன்னிரண்டு பிரிவாகப் பிரித்திருக்கிறேன். உணவு, பானம், உடல், மருந்து, உடை, குடும்பம், உதவி என்று எல்லாம் ஒழுங்காக இருக்கிறது. நீ குட்டையைக் குழப்பாமல் பட்டனை மட்டும் செய்.

இன்னொன்று. அம்மா பழகும்வரை வீட்டுக்கு யாரும் வர வேண்டாம். ஜன்னல் அத்தையும்தான். அவள் வந்தால் அம்மாவுக்குப் பதிலாக அவளே பேசித் தீர்த்துவிடுகிறாள். பக்குவமாகச் சொல்.

அக்கா

மார்ச் 9

அக்கா,

உன் கடிதத்தைப் படித்தேன். காது வலித்தது.

நான் வேலைக்கு லீவு போட்டு வந்து எத்தனை காலம் ஆயிற்று என்றே மறந்துபோச்சு. இங்கே மதியம் என்பது பெரிய குளம் மாதிரி. வெயில் ஹாலின் இந்தச் சுவரில் ஏறி அந்தச் சுவரில் இறங்குவதற்குள் நானும் அம்மாவும் இரண்டு தடவை தூங்கி எழுந்துவிடுகிறோம். கண் விழிக்கும்போது அவள் என்னைப் பார்த்துக்கொண்டிருப்பாள். ஏதோ சொல்லி முடித்துவிட்டு என் பதிலுக்குக் காத்திருக்கிற முகம். நான் "ஆமாம்மா" என்பேன். எதற்கு ஆமாம் என்று எனக்குத் தெரியாது. இப்போது நானும் தலையாட்டுகிற கட்சி.

பலகைக்கு வருகிறேன். பன்னிரண்டு பிரிவு என்றால் திரையில் பன்னிரண்டு கட்டம். ஒவ்வொன்றும் சின்னப் பிஸ்கட் அளவு. அம்மாவுக்கு வலது கை வராது, இடது கை நடுங்கும், உனக்கே தெரியும். 'பானம்' என்று குறி வைத்தால் விரல் 'மருந்து' மேல் விழுகிறது. தண்ணீர் கேட்டவளிடம் நான் மாத்திரையை நீட்டினேன். அவள் அதற்கும் தலையாட்டி வாயைத் திறந்தாள்.

உன் பிரிவைக் குறை. அப்போதுதான் என் பட்டன் பெரிதாகும்.

ஜன்னல் அத்தையிடம் சொல்லப் போனேன். ஸ்டேஷன் விசாரணைக் கவுண்டரில் அம்மாவுக்குப் பக்கத்து ஜன்னலிலேயே சர்வீஸ் முழுக்க உட்கார்ந்திருந்த மனுஷி. அவளைப் போய் வராதே என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. அவளே புரிந்துகொண்டு, "சரிப்பா, பரிச்சைக்குப் படிக்கிற வீட்ல எனக்கென்ன வேலை?" என்று சிரித்துவிட்டுப் போனாள். படியிறங்கும்போது சிரிக்கவில்லை.

தம்பி

மார்ச் 12

தம்பி,

பன்னிரண்டும் வேண்டும். பானத்தையும் மருந்தையும் ஒரே கூடையில் போடச் சொல்கிறாயா? ஒரு நாள் ராத்திரி தலைவலி வந்தால் அவள் எங்கே போய்த் தேடுவாள்? பிரிப்பது என் வேலை, அதை எனக்குச் சொல்லித் தராதே. பட்டன் சின்னதாக இருக்கிறது என்றால் அது உன் கையாலாகாத்தனம். பக்கம் பக்கமாகப் பிரித்துப் போடு, தள்ளினால் அடுத்தது வரட்டும்.

அத்தை விஷயம் கொஞ்ச நாளைக்குத்தானே. முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாதே.

அக்கா

மார்ச் 18

அக்கா,

பெரிய மனுஷி சொன்னபடியே செய்தேன். ஒரு பக்கத்துக்கு நாலு பட்டன், தள்ளினால் அடுத்த நாலு. பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆபீஸாக இருந்தால் கை தட்டியிருப்பார்கள்.

அம்மா தொட்டாள். முதல் பக்கம் வழுக்கிக்கொண்டு போய் மறைந்தது. அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. டேப்லெட்டை மெதுவாகக் கவிழ்த்து அதன் முதுகைப் பார்த்தாள். போனது பின்பக்கமாக எங்கேயாவது விழுந்திருக்கிறதா என்று தேடினாள். அப்புறம் தன் மடியில் தேடினாள். பிறகு என்னைப் பார்த்த பார்வையில் ஏதோ உடைத்துவிட்ட குழந்தையின் பயம். நான் எழுந்து சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அங்கேயே நின்றேன்.

நீ பெட்டி மேல் பெட்டியாக அடுக்குகிறாய், நான் அதை மறைத்து மறைத்துக் காட்டுகிறேன். எந்தப் பெட்டிக்குள் இருக்கிறோம் என்று அவளுக்குத் தெரியவில்லை. இதில் யார் தப்பு என்று சண்டை போட எனக்குத் தெம்பில்லை.

அப்புறம் அந்தக் குரல். அந்த மெஷின்காரி "தண்ணீர் வேண்டும்" என்றதும் அம்மா கையை இழுத்துக்கொண்டாள். யாரோ கஸ்டமர் கேரிலிருந்து நம் வீட்டுக்குள் வந்து பேசுகிற மாதிரி இருந்தது. உன் குரல் அம்மாவின் பழைய குரல் மாதிரியே இருக்கும் என்று எல்லோரும் சொல்வார்கள். நீ பேசி அனுப்புகிறாயா?

தம்பி

மார்ச் 23

தம்பி,

அவள் மடியில் தேடினாள் என்று எழுதியிருந்தாய். அந்த ஒரு வரியைத் தாண்டி என்னால் படிக்க முடியவில்லை.

அதே நினைப்பில் தூங்கிப்போனேன். கனவில் அம்மா நம் வீட்டில் நடந்துகொண்டிருந்தாள். இரண்டு காலும் நன்றாக இருந்தது. வீட்டில் சாமான் எதுவும் இல்லை, சொற்கள்தான் கிடந்தன. அடுப்பு மேடை மேல் 'சூடா' என்ற சொல் ஆவி விட்டுக்கொண்டிருந்தது. கட்டிலுக்கடியில் 'வலிக்குது' சுருண்டு படுத்திருந்தது. அம்மா குனிந்து ஒவ்வொன்றாக எடுத்துத் துடைத்துத் திரும்ப அங்கேயே வைத்தாள். நான் பின்னாலேயே ஓடி, "அம்மா, மருந்தெல்லாம் ஒரு பக்கம், சாப்பாடெல்லாம் ஒரு பக்கம்னு வைம்மா" என்றேன். அவள் திரும்பி, "வச்ச இடத்துலதானடி இருக்கு" என்றாள். அந்தக் குரலைக் கேட்டு எத்தனை நாளாச்சு! விழித்த பிறகும் அது காதிலேயே இருந்தது.

கனவில் வந்ததால் சரி என்று சொல்ல வரவில்லை. ஆனால் யோசித்துப் பார். அம்மா மாத்திரையை 'மருந்து' என்று நினைப்பதில்லை, 'படுக்கப் போகும்போது போடுவது' என்று நினைக்கிறாள். பன்னிரண்டு பிரிவு என் தலைக்குள் இருக்கிறது, அவள் தலைக்குள் இருப்பது வீடு. அதனால் நாலே கதவு. சமையலறை, படுக்கையறை, ஹால், வாசல். நம் வீட்டுக் கதவுகளையே படமெடுத்துப் போடு. சாப்பாடும் தண்ணீரும் சமையலறையில். வலி, மாத்திரை, போர்வை படுக்கையறையில். மனிதர்கள் ஹாலில். போவது, வருவது, வேலை, ஊர், அக்கா வீடு எல்லாம் வாசலில். நாலே கதவு என்றால் உன் பட்டன் உள்ளங்கை அளவுக்கு வருமே?

பக்கம் வழுக்கக் கூடாது. கதவு திறக்க வேண்டும், போன வழி கண்ணில் இருந்துகொண்டே இருக்க வேண்டும். அது எப்படி என்று நீதான் சொல்ல வேண்டும். எனக்குத் தெரியாது. இதை உன்னிடம் முதல் தடவையாக எழுதுகிறேன், சிரிக்காதே.

குரல் இதோடு வருகிறது. தெருச் சத்தம் கேட்கக் கூடாது என்று துணி அலமாரிக்குள் தலையை விட்டுக்கொண்டு பேசினேன். வேலைக்கு வருகிற பெண் பார்த்துவிட்டு, "என்னக்கா ஆச்சு?" என்று பதறிப்போனாள்.

அக்கா

ஏப்ரல் 2

அக்கா,

அம்மா பேசிவிட்டாள்!

நீ சொன்ன நாலு கதவையும் வைத்தேன். தொட்டால் கதவு திறக்கும், ஒவ்வொன்றுக்கும் தனி மணி அடிக்கும், திறந்த கதவு திரையின் இடது ஓரத்தில் சாத்தாமல் அப்படியே நிற்கும். அதைத் தொட்டால் வெளியே வந்துவிடலாம். விரல் பட்ட உடனே பேசாது. கொஞ்சம் பொறுத்து, விரல் நிஜமாகவே அங்கே தங்கினால்தான் பேசும். நடுக்கத்தில் உரசிப்போவதெல்லாம் கணக்கில்லை.

நான் எதுவும் சொல்லித் தரவில்லை. அக்கா, அவள் நேராகப் போய்ச் சமையலறைக் கதவைத் தொட்டாள். சொந்த வீட்டுக்கு யாராவது வழி கேட்பார்களா? உள்ளே பார்த்தாள், விரலை வைத்தாள். உன் குரல், "கஞ்சி" என்றது. நான் துள்ளி எழுந்தேன். அடுத்த விரல், "வேண்டாம்."

கஞ்சி வேண்டாமாம்! இத்தனை நாளாக மூன்று வேளையும் தலையாட்டித் தலையாட்டிக் குடித்தாளே, அது பிடிக்கவே இல்லையாம். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்து கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

அன்றிலிருந்து நாள் முழுக்க வீட்டில் உன் குரல்தான். "ஜன்னலைத் திற." "தலை வாரிவிடு." "சத்தம் போடாதே." உன்னோடு சண்டை போட்டு என்ன பிரயோஜனம், நீ ஹாலிலேயே உட்கார்ந்து என்னை அதட்டிக்கொண்டிருக்கிறாய். சாயங்கால வெளிச்சத்தில் கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் அது நீயா, பழைய அம்மாவா என்று எனக்கே சந்தேகம் வந்துவிடுகிறது. சில சமயம் கண்ணைத் திறக்காமலேயே இருக்கிறேன்.

ஒன்று மட்டும் உறுத்துகிறது. தினமும் ஹால் கதவைத் திறக்கிறாள். உன் படம், என் படம், டாக்டர், இங்கே பேச்சுப் பயிற்சி கொடுக்கிறவர், எல்லாவற்றின் மேலும் விரல் போகிறது, எதிலும் தங்குவதில்லை. வெளியே வருகிறாள், வாசலில் பார்க்கிறாள், மறுபடி ஹாலுக்கு வருகிறாள். பொறுக்கும் நேரத்தைக் குறைத்துப் பார்த்தேன், கூட்டிப் பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை.

தம்பி

ஏப்ரல் 5

தம்பி,

உன் பட்டனில் கோளாறு இல்லை. அவள் அப்பாவைத் தேடுகிறாள். வேண்டுமென்றேதான் விட்டேன். போய்ச் சேர்ந்தவர் படத்தைப் போட்டு எதற்கு அவளை அழ வைப்பது என்று நினைத்தேன். யார் இருக்க வேண்டும், யார் கூடாது என்று முடிவு செய்ய நான் யார்? அந்தக் கல்யாணப் படத்திலிருந்து அப்பாவை மட்டும் வெட்டிப் போடு. 'அவர்' என்று பேசி அனுப்பியிருக்கிறேன். அம்மா அப்படித்தானே சொல்வாள்.

அக்கா

ஏப்ரல் 9

அக்கா,

அப்பாவைப் போட்டேன். அம்மா பார்த்தாள், முகம் மலர்ந்தது. கன்னத்தில் இரண்டு தட்டுத் தட்டினாள். தட்டிவிட்டு, நகருங்கள் என்கிற மாதிரி அவரையும் தாண்டிப் போய்த் தேடினாள். அப்பா இருந்த காலத்திலும் இதுதானே கதி.

கடைசியில் திரையில் காலியாக இருந்த ஓர் இடத்தில் விரலை வைத்தாள். அங்கே பட்டனே இல்லை. பொறுத்து, பொறுத்து, விடாமல் வைத்திருந்தாள். பேசும் பேசும் என்று காத்திருந்தாள். பேசாமல் போனதும் தலையைத் தூக்கி ஹாலின் மூலையைப் பார்த்தாள். ஜன்னல் அத்தை உட்காருகிற பிரம்பு நாற்காலி.

அப்போதுதான் எனக்கு மண்டையில் உறைத்தது. ஹாலில் வைக்க நீ இரண்டு வகை மனிதர்கள் கொடுத்தாய், குடும்பம், உதவி. அத்தை இரண்டிலும் சேர்த்தியில்லை. நானும் கேட்கவில்லை. பேர் வைப்பது அக்கா வேலை என்று இருந்துவிட்டேன். நீ பட்டன் கோணல் என்று நினைத்தாய், நான் பிரிவு கோணல் என்று நினைத்தேன். நடுவில் ஒரு முழு மனுஷி விழுந்துபோயிருக்கிறாள். போதாக்குறைக்கு வீட்டுக்கு வரவேண்டாம் என்று வேறு சொல்லி அனுப்பினோம்.

செருப்பை மாட்டிக்கொண்டு அத்தை வீட்டுக்கு ஓடினேன். அத்தை கதவைத் திறந்து, "என்னப்பா, பரிச்சை முடிஞ்சுதா?" என்றாள். "நாங்க ஃபெயில் அத்தை" என்றேன்.

அம்மா அவளைப் பார்த்ததும் ஏதோ சத்தம் போட்டாள். பேச்சும் இல்லை, அழுகையும் இல்லை. இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்கள். அத்தை பேசவே இல்லை, அக்கா. நம்புவாயா?

அவள் படத்துக்கு என்ன சொல் வைப்பது? 'ஜன்னல் அத்தை' என்பது நாம் வைத்த பேர். அம்மா அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது. கவுண்டரில் இரண்டு பேருக்கும் நடுவிலிருந்த கண்ணாடியைத் தட்டி, "ஏய்" என்பாள். அதைப் பேசி அனுப்பு.

தம்பி

ஏப்ரல் 13

தம்பி,

'ஏய்' சுலபமாக வரவில்லை. முதலில் அதட்டலாக வந்தது, அப்புறம் கெஞ்சலாக வந்தது. அலமாரிக் கதவைக் கண்ணாடி என்று நினைத்துத் தட்டிக்கொண்டே சொன்ன பிறகுதான் சரியாக வந்தது. எனக்கு அப்படிக் கூப்பிட ஒருத்தரும் இல்லை என்பதும் அப்போதுதான் தெரிந்தது. போகட்டும்.

இனி அந்தக் கேள்வியைக் கேட்டுவிடு. ஆனால் 'இங்கே', 'அக்கா வீடு' என்று இரண்டு பட்டன் மட்டும் வைத்துக் கேட்காதே. அது இன்னொரு தலையாட்டல்தான். நான்கு கதவும் அப்படியே இருக்கட்டும், கேள்வியைக் கேள், எழுந்து ஜன்னல் பக்கம் போய் நில். உன் முகத்தைப் பார்த்தால் உனக்குப் பிடித்ததைச் சொல்லிவிடுவாள்.

அவள் என்ன சொன்னாலும் அந்தச் சத்தத்தை அப்படியே எனக்கு அனுப்பு. நீ எழுதி அனுப்பினால் நான் நம்ப மாட்டேன். கட்டில் இன்னும் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் கிடக்கிறது. அவள் வந்து பிரிக்கட்டும் என்று வைத்திருக்கிறேன்.

அக்கா

ஏப்ரல் 20

அக்கா,

கேட்டேன். "அம்மா, நீ எங்கே இருக்க ஆசைப்படறே?" கேட்டுவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன். அத்தை சமையலறையில் ஏதோ கிளறிக்கொண்டிருந்தாள். தெருவில் ஒரு பெண் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனாள். அவள் மரத்தடிக்குப் போய்ச் சேரும்வரை வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. அப்புறம் கதவு திறக்கிற மணி கேட்டது. வாசல் கதவு.

"அக்கா வீடு." "வேண்டாம்."

எனக்குச் சந்தோஷம் வந்தது, மறைக்க மாட்டேன். அது அடங்குவதற்குள் ஹால் கதவு திறந்தது. "என் பையன்." திரும்ப வாசல். "வேலை." "போ."

போ. உன் குரலில், அலமாரிக்குள்ளிருந்து. என்னால் திரும்பிப் பார்க்க முடியவில்லை. நான் யாருக்காக லீவு போட்டேன், யாருக்காகக் கஞ்சி காய்ச்சினேன்? அதற்குள், "ஏய்." "வா." "இரு."

அத்தை கரண்டியோடு வந்து நின்றாள். "நானா?" என்றாள். அம்மா விரலை எடுத்து மறுபடி வைத்தாள். "இரு." "சரிடி, இருக்கேன். உன் பையனை என் பெட்டியைத் தூக்கிட்டு வரச் சொல்லு" என்று சொல்லிவிட்டு அத்தை உள்ளே போய் மூக்கைச் சிந்தினாள். இங்கே பேச்சுப் பயிற்சி கொடுக்கிறவர் வாரத்துக்கு இரண்டு தடவை வீட்டுக்கே வருவதாகச் சொல்லிவிட்டார். எனக்கு வாதாட ஒன்றும் மிச்சமில்லை. அடுத்த மாதம் வேலைக்குத் திரும்புகிறேன்.

இது முடிந்ததும் அம்மா ஹாலுக்குப் போனாள். உன் படத்தின் மேல் விரலை வைத்தாள். "என் பொண்ணு" என்றது. அவள் அடுத்த சொல்லுக்குப் போவாள் என்று பார்த்தேன். போகவில்லை, விரலை எடுக்கவும் இல்லை. விரலை எடுக்காவிட்டால் திரும்பத் திரும்பப் பேசிக்கொண்டே இருக்கும் என்று எனக்கே தெரியாது, எங்கேயோ தப்பு விட்டிருக்கிறேன். என் பொண்ணு, என் பொண்ணு என்று அது பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே இருந்தது. அம்மா கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். அத்தை அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். நாங்கள் இரண்டு பேரும் அசையவில்லை.

எல்லாம் இதோடு வரும் பதிவில் இருக்கிறது. அந்தத் தப்பை நாளைக்குத் திருத்திவிடுகிறேன்.

தம்பி

ஏப்ரல் 22

தம்பி,

கேட்டேன். என் குரலே எனக்கு 'வேண்டாம்' என்றது. கோபம் பற்றிக்கொண்டு வந்தது, போனைக் கட்டில் மேல் எறிந்தேன். நல்ல வேளை, அது நின்றுபோகவில்லை. மிச்சத்தையும் கேட்டேன். உறையைப் பிரித்து, கட்டிலில் படுத்துக்கொண்டு, விரலை அவள் எடுக்கும்வரை கேட்டேன்.

பயிற்சி நிலையத்துக்குப் போன் செய்து, அந்த இடத்தை வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டேன். வருகிற வெள்ளிக்கிழமை ஊருக்கு வருகிறேன். அத்தையின் பெட்டியை நீ தனியாகத் தூக்க வேண்டாம்.

அந்தத் தப்பை மட்டும் திருத்தாதே.

அக்கா